நோட்டில் எழுதாத தண்ணீர்

கண்ணா,

பெங்களூரில் ஹாஸ்டல் அறைக்குப் போய்ப் பெட்டியைத் திறந்ததும் நீ முதலில் தேடப்போவது என் ஆராய்ச்சிப் பேப்பரை மாட்டிய அந்த ஃபிரேமைத்தான் என்று எனக்குத் தெரியும். "பழைய வேஷ்டியில் சுத்தி அடியில் வெச்சுடும்மா, கண்ணாடி உடையப்போறது" என்று மூன்று முறை சொன்னாய். நான் வைக்கவில்லை. மறதி என்று நினைத்துக்கொள்ளாதே. எனக்குக் கண்தான் மங்கியிருக்கிறது, புத்தி இன்னும் மங்கவில்லை. ஃபிரேம் இருக்க வேண்டிய இடத்தில் நீல அட்டை போட்ட ஒரு பழைய நோட்டும் இந்தக் கடிதமும் இருக்கும். இரண்டையும் படித்துவிட்டு உனக்குக் கோபம் வந்தால் கோபித்துக்கொள். நேரிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் பாதி சொல்வதற்குள் நீ "விடும்மா, அதெல்லாம் இப்போ எதுக்கு" என்பாய், நானும் அதுதான் சாக்கு என்று விட்டுவிடுவேன். பதினோரு வருஷமாக அப்படி விட்டுவிட்டு வந்த விஷயம் இது.

போன மாதம் நீ பெங்களூரில் ஆராய்ச்சிப் படிப்புக்கு இன்டர்வியூ முடித்து வந்த அன்று காலை, பயணத் துணியைக்கூட மாற்றாமல் அடுப்படியில் நின்றபடி காபி குடித்தாய். "என் அம்மாவே பாம்பு விஷத்துல என்சைம் பிரிச்சவங்கன்னு சொன்னேன்மா, அத்தனை பேரும் நிமிர்ந்து உக்காந்துட்டா" என்றாய். எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது, இல்லை என்று சொன்னால் பொய். பிறகு போகிற போக்கில் இன்னொன்றும் சொன்னாய். "ஒருத்தர் மட்டும் ஒரு கேள்வி கேட்டார்மா. கால்சியம் இல்லாம அந்த என்சைம் வேலை செய்யாதுன்னு கண்டுபிடிச்சாங்களே, அப்போ கால்சியம் போடறதுக்கு முன்னாடி முதல்ல எப்படி வேலை செஞ்சுதுன்னு கேட்டார். எனக்குத் தெரியலேன்னுட்டேன். உனக்கு ஞாபகம் இருக்கா?" நான் பால் பொங்குகிறது என்று திரும்பிக்கொண்டேன். பால் பொங்கவில்லை. அதற்குப் பதில்தான் இந்தக் கடிதம்.

நான் செய்த வேலை என்னவென்று நீ கெட்டிக்காரத்தனமாகப் பத்துப் பேரிடம் சொல்லியிருக்கிறாய், ஆனால் நீ அப்போது ஏழாம் கிளாஸ் பையன், உனக்கு அது முழுசாகத் தெரியாது. ஸ்ரீரங்கத்தில் நம் சித்திரை வீதி முழுக்க என்னைப் 'பாம்பு மாமி' என்றார்கள். நானோ நல்ல பாம்பைக் கோயில் சுவரில் செதுக்கியிருக்கப் பார்த்ததோடு சரி. நான் ஆராய்ச்சி செய்த திருச்சி காலேஜுக்கு விஷம் சின்ன சீசாவில் வரும், மஞ்சளாக, கல்கண்டை உடைத்த மாதிரிப் பொடிப்பொடியாக. விஷம் என்று நாம் ஒரே பெயரில் சொன்னாலும் அதற்குள் பல சரக்கு இருக்கிறது. நரம்பை முடக்குவது ஒன்று, ரத்தத்தைக் கெடுப்பது ஒன்று. கொதித்து இறக்கிய ரசத்திலிருந்து மிளகை மட்டும் திரும்ப எடு என்றால் எப்படியோ, அப்படி அதிலிருந்து ஒரே ஒரு என்சைமைத் தனியே எடுப்பதுதான் எங்கள் புரொபசர் கொடுத்த வேலை. விஷத்தைக் கரைத்து, புளிப்பேற்றி, சூடு காட்டி, தாங்காததெல்லாம் திரிந்து போனபின் வடிகட்ட வேண்டும். மிஞ்சியதில் உப்பைப் போட்டுப் போட்டு, நமக்கு வேண்டியதை வெள்ளைப் படிவாக அடியில் இறக்க வேண்டும். பிறகு அந்த உப்பு போவதற்காக செல்லோஃபேன் பையில் கட்டித் தண்ணீரில் தொங்கவிட வேண்டும். ஒரு சிட்டிகைச் சரக்கு கிடைக்க மூன்று வாரம் ஆகும்.

கிடைத்தது சரியான சரக்குதானா என்று பார்ப்பதற்கு இரண்டு பொருள் வேண்டும். ஒன்று ஆட்டு ரத்தம். இன்னொன்று முட்டையின் மஞ்சள் கருவிலிருந்து பிரித்தெடுத்த ஒரு கொழுப்பு. இரண்டோடும் நம் என்சைமைக் கலந்தால், அது கொழுப்பை வெட்டும், வெட்டுப்பட்ட கொழுப்பு ரத்தத்தின் சிவப்பணுக்களை உடைக்கும், கலங்கலாக இருந்த சோதனைக் குழாய் தெளிந்து சிவப்பு மசி கரைத்தது போல ஆகிவிடும். தெளிந்தால் வெற்றி. தெளியாவிட்டால் மூன்று வாரமும் போச்சு. இந்த முட்டையும் ரத்தமும் என் கை படக்கூடாத பொருள்கள் என்று நானே ஒரு சட்டம் வைத்திருந்தேன். யாரும் சொல்லவில்லை. உன் அப்பா பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் பத்து ஜாதிக்காரர்களோடு உட்கார்ந்து டிபன் சாப்பிட்டுவிட்டு வருபவர். அவர் ஒரு நாளும் என்னை எதுவும் கேட்டதில்லை. படித்துவிட்டு வேலைக்கும் போகிறாள், ஆனாலும் ஆசாரம் விடவில்லை பார் என்று நாலு பேர் சொல்ல வேண்டும் என்கிற ஆசை எனக்கே இருந்தது.

அதனால் முட்டை, ரத்தம் இரண்டும் ரஹ்மான் பொறுப்பு. என்னோடு அதே மேஜையில் வேலை பார்த்தவர். என்னைவிட ஒரு வயதோ இரண்டு வயதோ சிறியவர், பாலக்கரைக்காரர், அவர் வீட்டில் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள். காலையில் சைக்கிளில் வரும்போதே முட்டையைத் துணிப்பையில் வைக்கோல் போட்டுக் கொண்டுவருவார், கறிக்கடையிலிருந்து ரத்தத்தை ஃபிளாஸ்கில் கொண்டுவருவார். மேஜையின் வலது பக்கம் அவருடையது, இடது பக்கம் என்னுடையது. பேச்சுக் குறைவு. என்னை மேடம் என்பார், நான் அவரை சார் என்பேன். ஸ்டவ் மூட்டினால் என் பக்கத்துக்கும் சேர்த்தே மூட்டுவார்.

நான் என்ன கொண்டுபோனேன் என்பது உனக்கு நினைவிருக்கும். பித்தளைக் கூஜா. நம் வீட்டுக் கிணற்றில் மடியாக, வேறு யார் கையும் படாமல் இறைத்த தண்ணீர். காலேஜ் குழாயில் ஒரு சொட்டுக் குடிக்க மாட்டேன். பஸ்ஸில் காவேரிப் பாலம் தாண்டும்போதெல்லாம் அந்தக் கூஜாவை மடியில் வைத்துப் பிடித்துக்கொண்டு, நீ பக்கத்தில் இருந்தால் "நகர்ந்து உக்காருடா, மேலே படப்போறே" என்று உன்னை விரட்டியதும் உண்டு.

ஒரு சித்திரை மாதம், வெயில் மண்டையைப் பிளக்கிற நாள், எங்கள் லேபில் தண்ணீர் காய்ச்சி வடிக்கிற கருவி பழுதாகிவிட்டது. நாங்கள் எல்லாவற்றுக்கும் அந்த டிஸ்டில்டு வாட்டரைத்தான் ஊற்ற வேண்டும். ஒரு பெரிய பாட்டிலில் கொஞ்சம் மிச்சம் இருந்தது, ஆனால் அது ரஹ்மான் பக்கத்தில், முட்டை உடைத்த கிண்ணத்தை ஒட்டி இருந்தது. ரஹ்மான் வெளியே போயிருந்தார். எனக்கு அதைத் தொட மனசு வரவில்லை. கூஜாவைத் திறந்தேன். பளிங்கு மாதிரி இருக்கிறது நம் தண்ணீர், இதைவிடச் சுத்தம் எது என்று என் சரக்கைக் கரைக்க அதையே ஊற்றினேன். பி.எஸ்ஸி. படிக்கிற பெண் அப்படிச் செய்திருந்தால் காதைத் திருகியிருப்பேன். பிறகு ரஹ்மான் வழக்கம்போல் அவர் பங்கை அந்தக் குழாயில் சேர்த்தார். அதுவரை ஒரு தடவையும் தெளிந்ததில்லை, சரக்கு இன்னும் சுத்தமாகவில்லை என்றே நினைத்திருந்தோம். அன்று கால் மணியில் குழாய் தெளிந்துவிட்டது. புரொபசர் "பேஷ், பேஷ்" என்று கையைத் தட்டினார். கருவியைப் பழுது பார்த்து வந்தபின்னும் நான் கூஜாவை விடவில்லை. ரஹ்மான் அறையில் இல்லாத நேரமாகப் பார்த்து ஊற்றிக்கொள்வேன். நோட்டில் மட்டும் ஒவ்வொரு தடவையும் 'டிஸ்டில்டு வாட்டர்' என்றுதான் எழுதினேன். எழுத வேண்டியது அதுதானே என்று கை தானாக எழுதியது.

ஒருவர் கையில் வந்த முடிவு இன்னொருவர் கையிலும் வர வேண்டும், அதுதான் எங்கள் முறை. புரொபசர் ரஹ்மானைத் தனியாக முதலிலிருந்து செய்யச் சொன்னார். அவர் செய்தார். குழாய் தெளியவில்லை. மறுபடி மூன்று வாரம், மறுபடி இல்லை. மூன்றாவது தடவையும் இல்லை. அந்த மனுஷர் இளைத்தே போய்விட்டார். ஒரு நாள் என் பக்கம் வந்து, "மேடம், தப்பா நினைக்காதீங்க. நீங்க செய்யறப்ப ஒரு தடவை பக்கத்துல நின்னு பார்த்துக்கட்டுமா? எதோ ஒண்ணு நான் மாத்திச் செய்யறேன், என்னன்னு பிடிபடலை" என்றார்.

நிற்கட்டும் என்று சொல்லியிருந்தால் கூஜாவைப் பார்த்திருப்பார். தண்ணீர்தான் காரணம் என்று எனக்கு அப்போது சத்தியமாகத் தெரியாது. ஆனால் கூஜாவை மறைக்க வேண்டும் என்பது தெரிந்திருந்தது. உங்கள் முட்டைக்குப் பக்கத்தில் இருந்த தண்ணீர் எனக்கு ஆகாது என்று அவர் முகத்தைப் பார்த்து எப்படிச் சொல்வது? அந்த வெட்கத்தை நான் கோபமாக மாற்றிக்கொண்டேன். "எல்லாம் நோட்டுல எழுதியிருக்கேன் சார், அதைப் பார்த்துச் செஞ்சா போதும்" என்று சுள்ளென்று சொன்னேன். அவர் நோட்டைப் பார்த்தே செய்தார். நோட்டில் இருந்தது பொய்.

புரொபசர் என்னிடம் கருத்துக் கேட்டார். நான் எங்கள் இருவருக்கும் பொதுவான அந்த நீல அட்டை நோட்டில் ரஹ்மான் எழுதிய பக்கத்தைத் திருப்பி, நாற்பத்தொன்றாம் பக்கம், சிவப்பு மசியில் இங்கிலீஷில் ஒரே சொல் எழுதினேன். நம்பத்தகாதது என்று பொருள். அந்த ஆனி மாதத்தோடு அவருடைய உதவித்தொகையை நீட்டிக்கவில்லை. போகிற அன்று மேஜையின் இரண்டு பக்கத்தையும் துடைத்துவிட்டு, "வரேன் மேடம்" என்றார். பெரிய கடை வீதியில் அவர் மாமாவின் மூக்குக்கண்ணாடிக் கடையில் உட்கார்ந்துவிட்டார் என்று பிறகு கேள்விப்பட்டேன்.

அவர் போய் ஒரு மாதம் ஆகவில்லை, ஆடியில் காவேரியில் புதுத் தண்ணீர் வந்து நம் கிணறு செம்மண்ணாகக் கலங்கிவிட்டது. கூஜாவில் காய்ச்சி வடிகட்டிய தண்ணீர் குடிக்க மட்டும் கொஞ்சம். வேறு வழியில்லாமல் அன்று டிஸ்டில்டு வாட்டர் ஊற்றினேன். குழாய் தெளியவில்லை. மறுபடி ஊற்றினேன், தெளியவில்லை. ரஹ்மானுக்கு வந்த அதே முடிவு, எனக்கு. ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன். நம் கிணற்றுத் தண்ணீரில் சாதம் வடிக்கிற பானையின் உள்ளே வெள்ளை வெள்ளையாகப் படியுமே, புளி போட்டுத் தேய்ப்பேனே, அது ஞாபகம் வந்தது. சுண்ணாம்பு. அலமாரியிலிருந்து கால்சியம் உப்பை எடுத்து டிஸ்டில்டு வாட்டரில் துளி கரைத்துச் சேர்த்தேன். குழாய் தெளிந்தது.

அதுதான் என் பெரிய கண்டுபிடிப்பு, கண்ணா. வேறு ஊர்களில் இதைப் பற்றி முன்பே எழுதியிருக்கிறார்கள் என்று பின்னால் தெரியவந்தது. எங்கள் காலேஜுக்கு அது பெரிய விஷயம். புரொபசரிடம் கால்சியத்தைப் பற்றிச் சொன்னேன், கூஜாவைப் பற்றிச் சொல்லவில்லை. முன்னே கால்சியம் போடாமலே எப்படி வந்தது என்றதற்கு, குழாய் சரியாகக் கழுவாமல் அது ஒட்டியிருந்திருக்கும் என்றேன். கழுவுவதும் ரஹ்மான்தான் என்பதை அவரே நினைத்துக்கொள்ளட்டும் என்று விட்டேன். அன்று சாயங்காலம் உன் அப்பாவிடம் மட்டும் முழுவதையும் சொன்னேன். அவர் செருப்பைக்கூடக் கழற்றவில்லை, வாசலில் நின்றபடியே, "ரஹ்மான்கிட்ட சொல்லியாச்சோ?" என்றார். "என்னைக் குத்தவாளிக் கூண்டுல ஏத்தறேளா?" என்று அவர்மேல் பாய்ந்தேன். அதன்பிறகு அவர் அதைக் கேட்டதே இல்லை. கேட்டிருக்கலாம் என்று பல நாள் நினைத்திருக்கிறேன்.

அதே வாரம்தான் உன்னை அடித்தேன். நீ மறந்திருக்க மாட்டாய். கணக்கில் மார்க் குறைந்த ரிப்போர்ட்டில் அப்பா கையெழுத்தை நீயே போட்டுவிட்டாய். மர ஸ்கேலால் முழங்கால் சிவக்க அடித்தேன், "மார்க் குறைஞ்சா பரவாயில்லை, காகிதத்துல பொய் எழுதறவன் உருப்பட மாட்டான்" என்று கத்தினேன். நீ அழவில்லை, என்னையே பார்த்துக்கொண்டிருந்தாய். அடித்தது உன்னைத்தானா என்று எனக்கே இப்போது சந்தேகம். அதற்காக உன்னிடம் மன்னிப்புக் கேட்கிறேன்டா. அம்மா மன்னிப்புக் கேட்பதா என்று சங்கடப்படாதே, கேட்க வேண்டிய இடத்தில் கேட்டுவிட வேண்டும்.

பேப்பர் அச்சாகி வந்தது. அதன் முதல் பக்கத்தை நீ எஸ்.எஸ்.எல்.சி. படிக்கும்போது ரங்கா ரங்கா கோபுரத்துக்கு வெளியே இருக்கும் படக்கடைக்குத் தூக்கிக்கொண்டுபோய், பெருமாள் படத்துக்குப் போடுகிற மாதிரி ஃபிரேம் போட்டு மாட்டினாய். ஒவ்வொரு நாளும் அதற்குக் கீழேதான் உட்கார்ந்து காய் நறுக்கினேன். பெரிய கடை வீதிப் பக்கம் மட்டும் போகவில்லை. பட்டுப் புடவை எடுக்க வேண்டுமானாலும் உன் அப்பாவை அனுப்பினேன்.

போன மாதம் நீ அந்த இன்டர்வியூ கேள்வியைச் சொல்லிவிட்டுக் குளிக்கப் போனபின், ஒன்று புரிந்தது. இனி அந்தக் கேள்வியை உன்னிடம் கேட்பார்கள். நீ தெரியாது என்பாய், இல்லாவிட்டால் என்னைக் காப்பாற்ற ஒரு பதிலை நீயே தயாரிப்பாய். என் பொய் உன் வாய்க்குப் போகும். மறுநாளே பெரிய கடை வீதிக்குப் பஸ் ஏறினேன். அரிசியில் கல் தெரியவில்லை, மூக்குக்கண்ணாடி போட வேண்டும் என்று அப்பாவிடம் சொன்னேன். அதுவும் உண்மைதான்.

ரஹ்மானுக்கு முன்நெற்றி முடி போய்விட்டது. என்னைப் பார்த்ததும் எழுந்து நின்று, "வாங்க மேடம், உக்காருங்க" என்றார், பதினோரு வருஷம் நடுவில் இல்லாத மாதிரி. எழுத்து அட்டையைப் படிக்கச் சொல்லி லென்ஸை மாற்றி மாற்றிப் போட்டார். சரியாகத் தெரிகிறது என்றபின்னும் கழற்றி மறுபடி முதலிலிருந்து போட்டார். மறுபடியும். மூன்றாவது தடவை, "சார், நன்னாத் தெரியறது" என்றேன். "இருக்கட்டும் மேடம், ஒரு தடவை பார்த்துக்கறேன்" என்றார். அந்தக் கண்ணாடி மூக்கின்மேல் இருக்கும்போதே சொல்ல ஆரம்பித்தேன். கூஜா, கிணறு, சுண்ணாம்பு, சிவப்பு மசி, எதையும் விடவில்லை.

அவர் ஒரு லென்ஸைத் துணியால் துடைத்துக்கொண்டே இருந்தார். அதைக் கீழே வைத்துவிட்டு, "அப்ப என் கை சரியாத்தான் இருந்துச்சு" என்றார். என்னிடம் சொன்னதாகத் தெரியவில்லை. பிறகு சொன்னார்: "முதல்ல முட்டை கெட்டதோன்னு நினைச்சேன். அப்புறம் என் கைதான் ஆகாத கைன்னு முடிவு பண்ணிக்கிட்டேன் மேடம். இங்க வந்தும் எதையும் மூணு தடவை பார்க்காம கொடுக்க மாட்டேன். எங்க மாமுகூடச் சிரிப்பாரு."

நான் அழுதேன். கடையில் யார் இருந்தார்கள் என்று பார்க்கவில்லை. "அந்த பாட்டில் உங்க பக்கத்துல இருந்ததுன்னுதான் சார்" என்று மட்டும் சொல்ல முடிந்தது. அவர் தலையைக் குனிந்துகொண்டார். "உங்களுக்கு ஆகாதுன்னு எனக்குத் தெரியும் மேடம். அதுக்காகத்தான் அந்த பாட்டிலைத் தொடுறதுக்கு முன்னாடி சோப்புப் போட்டுக் கை கழுவுவேன். மூடியும் போட்டே வெச்சிருப்பேன். நீங்க பார்த்திருப்பீங்கன்னு நினைச்சேன்."

நான் பார்த்ததே இல்லை, கண்ணா. இரண்டு வருஷம் ஒரே மேஜை.

என்ன செய்யட்டும் என்று கேட்டேன். கோபப்படுவார் என்று நினைத்தேன். கோபம் இருந்தது, குரலில் தெரிந்தது. "புரொபசருக்கு எழுதுங்க, பேப்பர் போட்டவங்களுக்கும் எழுதுங்க. ஆனா முதல்ல உங்க பையன்கிட்ட சொல்லுங்க. வியாழக்கிழமை கண்ணாடி ரெடியாயிடும், வர்றப்ப அந்த நோட்டைக் கொண்டாங்க" என்றார். வியாழக்கிழமை புதுக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கடை மேஜையில் நோட்டை விரித்தேன். லேப் நோட்டில் தப்பாக எழுதியதை அழிக்கக்கூடாது, சுரண்டக்கூடாது, மசியைக் கொட்டி மறைக்கக்கூடாது. அடியில் இருக்கும் சொல் படிக்கத் தெரிகிற மாதிரி ஒரே ஒரு கோடு போட்டு, பக்கத்தில் சரியானதை எழுதி, கையெழுத்துப் போட வேண்டும். உனக்கும் முதல் நாள் இதைச் சொல்லித்தருவார்கள். அவர் பேனாவை நீட்டினார். என் பக்கங்களில் 'டிஸ்டில்டு வாட்டர்' என்று எழுதிய ஒவ்வோர் இடத்திலும் கோடு போட்டு, 'ஸ்ரீரங்கம், எங்கள் வீட்டுக் கிணற்றுத் தண்ணீர்' என்று எழுதினேன். பதினான்கு இடம். அவர் ஒவ்வொன்றாக விரலை வைத்துப் பார்த்தார். நாற்பத்தொன்றாம் பக்கத்தில் சிவப்புச் சொல்லின்மேல் கோடு போட்டேன். பக்கத்தில் என்ன எழுதட்டும் என்று கேட்டேன். "சரியான முடிவுன்னு எழுதுங்க, போதும்" என்றார். எழுதினேன்.

இரண்டு கடிதமும் தபாலில் போட்டாயிற்று. நடந்ததை எழுதி, ரஹ்மானின் மூன்று முடிவுகளும் சரி என்று சொல்லியிருக்கிறேன். பதில் எப்படி வரும் என்று தெரியாது, எப்படி வந்தாலும் வாங்கிக்கொள்கிறேன். ஃபிரேமைக் கழற்றியதும் உன் அப்பா சுவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், "சொல்லியாச்சா?" என்று கேட்டார். "ஆச்சு" என்றேன். காபி வேண்டும் என்றார்.

அங்கே நன்றாகச் சாப்பிடு. ஹாஸ்டல் சாம்பார் பிடிக்கவில்லை என்று பட்டினி கிடக்காதே. உன் மேஜைக்குப் பக்கத்தில் யார் இருக்கிறார்களோ அவர்கள் கை கழுவுகிறார்களா, ஸ்டவ் மூட்டுகிறார்களா, உனக்காக என்ன செய்கிறார்கள் என்று நிமிர்ந்து பார். நீ எந்தத் தண்ணீரை ஊற்றினாலும் அதே தண்ணீரை எழுது. இன்டர்வியூவில் அந்தக் கேள்வியைக் கேட்டவரைத் தேடிப் போய், பதில் கிடைத்துவிட்டது என்று சொல். திருச்சியில் ரஹ்மான் என்று ஒருவர் இருந்தார், அவர் கையில் அது வேலை செய்யவில்லை, அவர் செய்ததுதான் சரி, என் அம்மா கிணற்றுத் தண்ணீரை ஊற்றிவிட்டு மறைத்தாள் என்று சொல். அவர் பெயரை முதலில் சொல், என்னைப் பிறகு சொல்.

அம்மா